இருநூற்று முப்பது வருஷம்

இருநூற்று முப்பது வருஷத்தை நான் ஐந்தே வாரத்தில் எழுதி முடித்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் என் வாழ்க்கையில் செய்ததில்லை.

வேங்கிக்காலில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். பதினோரு பேர். லண்டனில் பென்ஹாலோ அண்ட் ஸ்டர்ட் என்றொரு பங்குத் தரகு நிறுவனம்; எந்தக் கம்பெனி எப்படி நடக்கிறது என்று அவர்களுக்கு அறிக்கை தயாரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. போன ஆடியில் அந்த நிறுவனத்தையே ஒரு பெரிய வங்கி வாங்கிவிட்டது. எங்களை மூடிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. அதற்குள் என் எதிர் மேசைக்காரி அறிவுமதிக்குப் பிரசவ விடுப்பு ஆரம்பித்துவிட வேண்டும். விடுப்பில் போய்விட்டால், ஆபீஸ் மூடினாலும் ஆறு மாதச் சம்பளம் வரும். அவள் கணவனுக்கு வேலை போய் நாலு மாதம் ஆகிறது.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் சக்திவேல் என்னைக் கூப்பிட்டார்.

"கம்பெனி ஹிஸ்டரி ஒண்ணு கேக்கறாங்க மதிவதனி. பழைய பேப்பரெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டாங்க. அவசரமே இல்ல, பொறுமையா எழுதுங்க."

எழுதினேன். காபிக் கடை மூலையில் தொழில் ஆரம்பித்த பென்ஹாலோ. அவர் தங்கையைக் கட்டிக்கொண்டு தொழில் கூட்டாளியான ஸ்டர்ட். 1866இல் லண்டனில் பெரிய வங்கி ஒன்று விழுந்த பீதியில் ஆடிப்போய்த் தப்பித்தது. 1986இல் சட்டம் மாறியதும் வங்கிகள் தரகர்களை வாங்கக் கிளம்பியது. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் 'நம் குடும்பம் பெரிதானது' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷத்து குரூப் போட்டோவில் பாதிப் பேரைக் காணோம். நல்ல குடும்பம்! படிக்கப் படிக்க அலுத்துப் போனது.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே கையிலிருக்கும் வேலையை முடித்து அனுப்பிவிடுவோம். கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், யாரும் வந்து சேர முடியாது. பன்னிரண்டு வருஷமாக அப்படியே பழகிய கை. பௌர்ணமி வருகிறதே என்று கடைசி அத்தியாயத்தையும் முடித்து, நேராக லண்டனுக்கு அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. அருமையான வேலை, நன்றி, இத்துடன் உங்கள் அலுவலகத்தின் பணி முடிகிறது, மாதக் கடைசியில் மூடிவிடுகிறோம்.

சக்திவேலிடம் காட்டினேன். படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அதுதாங்க கடைசி வேலை. அது முடியற வரைக்கும்தான் ஆபீஸ்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. பொறுமையான்னு சொன்னேனேங்க."

"ஏன்னு சொன்னீங்களா சார்?"

"எல்லாரும் பயந்துடுவீங்கன்னு..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்மேல் பாதி, என்மேல் மீதி. இடத்துக்குத் திரும்பி, என் உத்தியோகத்தில் முதல் முறையாக ஒரு பொய் எழுதினேன். 1866 அத்தியாயத்தில் பெரிய தப்பு செய்துவிட்டேன், அதற்குப் பிறகு வருவதையெல்லாம் சரிபார்க்க வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்று. ஒரு எழுத்துப் பிழைக்குக் கூடத் தூக்கம் வராதவள் நான். கூசிக்கொண்டுதான் அனுப்பினேன்.

அரை மணியில் பதில் வந்துவிட்டது. 'பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும். பிரிவுபசார விருந்தில் மேசை மேல் வைக்க ஐம்பது பிரதிதான் அடிக்கிறோம். யாரும் படிக்கப் போவதில்லை.'

எதிர் மேசையிலிருந்து அறிவுமதி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, லண்டன்ல நல்லாருக்குன்னாங்களா?"

"ரொம்ப நல்லாருக்காம்" என்றேன். பிறகு நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிச்சத்தையும் சொன்னேன். என்னால்தான் என்பதையும் மறைக்கவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் மாதக் கடைசியிலிருந்து விடுப்பு ஆரம்பிக்கும் நாள் வரை விரல் விட்டு எண்ணினாள்.

"மூணு வாரம்தானேக்கா கம்மி" என்றாள்.