சாவுக்கு முந்தி வந்த ஜட்ஜ்

இப்போதெல்லாம் ஓட்டு கேட்கிறவன் வாசலுக்கு வருவதில்லை. பதிவு செய்த குரலைப் போனில் அனுப்புகிறான். நாம் திட்டினாலும் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறது. முகத்தைப் பார்க்காமல் ஒருவனை எப்படி நம்புவது? பார்த்தே நம்புகிற ஆளில்லை நான்.

தர்லோ மேப்ரி வாசலுக்கு வந்தவன். அதை மறுக்க மாட்டேன். உயில், செத்தவர் சொத்து, அநாதைப் பிள்ளைகள் காரியம் எல்லாம் பார்க்கிற ஜட்ஜை எங்கள் அலபாமாவில் ஜனங்கள்தான் ஓட்டுப் போட்டு உட்கார வைக்க வேண்டும். மேப்ரி சட்டம் படித்தவனில்லை. எங்கள் மாவட்டத்தில் அந்த நாற்காலிக்கு அது தேவையும் இல்லை. வாலிபத்தில் பிண வண்டி ஓட்டினான், அப்புறம் கோர்ட்டில் குமாஸ்தா. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், புகைபோட்ட பன்றித் தொடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, தொப்பியை நெஞ்சில் வைத்து முதல் ஆளாக நிற்பான். துக்கத்தில் சாப்பிட்ட கறியை யார் மறப்பார்? தேர்தல் தேர்தலாக ஜெயித்தான். போன தடவை ஒரு சின்னப் பயலிடம் தோற்றான். பெண்டாட்டியும் செத்துப்போனாள். இந்த வசந்தத்தில் மறுபடி நின்றான்.

நின்றதும் ஆரம்பித்தது. பர்ல் கேட்ஸ் வீட்டுக்குத் தொடையோடு போயிருக்கிறான். கதவைத் திறந்ததே பர்ல்தான். "யாருய்யா செத்தது, என் சேவலா?" என்று சிரித்திருக்கிறான். அந்த வாரமே டிராக்டர் கவிழ்ந்து செத்தான். அடுத்தது சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற ஒஸெல்லா. அவள் தொடையை வாங்கி வேகவைத்துத் தின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் சும்மா கிடந்தது.

அப்புறம் அவன் கார் திரும்பினாலே வீடுகளில் திரைச்சீலை இறங்கியது. முடிவெட்டுகிற டாய்ல் என்னிடம் சொன்னான்: "ஓட்டப் போட்டுடறோம், வீட்டுப் பக்கம் மட்டும் வராதய்யான்னு போர்டு எழுதி நடப்போறேன்."

"கிழவனுக்கு மூளை கலங்கிருச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

ஒரு மத்தியானம் என் வீட்டு முன்தாழ்வாரத்தில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். மேப்ரி பன்றித் தொடையும் கையுமாகப் படியேறி வந்தான். என்னை மிதிக்காத குறையாகத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினான்.

"என்ன ஜட்ஜு, கண்ணு தெரியலியா?"

திரும்பவில்லை. என் பெண்டாட்டி லூடெல் வெளியே வந்தாள். தொப்பி நெஞ்சுக்குப் போனது.

"தங்கச்சி, மனசத் தேத்திக்க. ஹாய்ட் கோவக்காரன்தான். ஆனா ஒருத்தரையும் ஏமாத்தினவனில்ல."

"யோவ்! குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கேன்யா!"

லூடெல் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் அவளை மட்டும் பார்த்தான். எழுந்துபோய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். அப்போதுதான் தலை மெல்லத் திரும்பியது. என் முகத்தைக் கண்டதும் அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"நான் செத்தேன்னு எவன் சொன்னான்?"

"தங்கச்சிதான். காலையில போன் பண்ணி அழுதுச்சு. அவரு குளத்துக்குப் போனவரு திரும்பலேன்னு சொல்லுச்சு."

"ஐயோ, நான் இன்னிக்குப் போனையே தொடலையே!" என்றாள் லூடெல்.

"பர்ல் பொண்டாட்டியும் இதையேதான் சொன்னா." படியில் உட்கார்ந்துவிட்டான். எனக்கே பாவமாக இருந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"ஹாய்ட், தேர்தலுக்கு இன்னும் நாள் கிடக்கு. தபால் ஓட்டு இப்பவே போட்டுடறியா? எதுக்கும் இருக்கட்டும்."

"வெக்கமா இல்லையாய்யா உனக்கு?"

"இருக்கு. ஆனா போன தடவை கொஞ்ச ஓட்டுலதான் தோத்தேன்."

மண்வெட்டியை எடுத்தேன். குளத்துக் கரை உடைந்து கிடந்தது. மழைக்கு முன்னால் அடைக்க வேண்டும். லூடெல் குறுக்கே வந்து சட்டையைப் பிடித்தாள்.

"ஏங்க, இன்னிக்கு வேணாம். நாளைக்குப் போங்களேன்."

"நாளைக்கு மட்டும் தண்ணி என்னைப் பாத்து ஒதுங்கிக்குமா? விடு."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு இறங்கி நடந்தேன். ரோட்டில் தபால்காரன் வண்டி வந்தது. கையைத் தூக்கினேன். அவன் என் பக்கம்தான் பார்த்தான், ஆனால் கை தூக்கவில்லை. வெயில் கண்ணில் அடித்திருக்கும். மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு குளத்துப் பாதையில் இறங்கினேன்.