பயண நேரம் நாற்பது நிமிடம்

தெற்கு விமான நிலையத்துக்கும் வடக்கு விமான நிலையத்துக்கும் இடையே தூரம் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர், பயண நேரம் நாற்பது நிமிடம். ஆனால் ஒரே விமானத்தில் ஏறியவர்கள் ஒன்றாக வந்து இறங்கியதாகச் சரித்திரமே இல்லை. வடக்கே விமானம் தரையைத் தொடும்போது இரண்டொரு இருக்கைகளில் பெல்ட் மட்டும் மாட்டியிருக்கும், ஆள் இருக்காது. அவர்கள் பிறகு சாவகாசமாக ஓடுபாதையில் நடந்து வந்து சேர்வார்கள். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கு ஆறு நாள் பிடித்தது. மகன் வீட்டுக்குப் புறப்பட்ட ஒரு மாமியார் பதினேழாம் நாள் வந்தார். "அத்தைக்கு இங்க வர மனசே இல்ல போல" என்று மருமகள் எல்லோரிடமும் சொல்லி வருத்தப்பட்டாள். ஊரில் பாதிப்பேர் கன்னம் வீங்கிக் கிடந்தபோது வந்த பல் டாக்டர் மட்டும், விமானம் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டார். வர மனமிருந்தால் சீக்கிரம், இல்லாவிட்டால் தாமதம் என்று வடக்கில் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். பெட்டிகளுக்கு ஏது மனசு? அவை சரியாக நாற்பது நிமிடத்தில் வந்துவிடும்.

வடக்கில் டிக்கெட் கொடுப்பவளை எல்லோரும் டிக்கெட் அக்கா என்பார்கள். அவள் கணவர் ஓடுபாதை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன். நான்கு வருடம் தெற்கில் தனியாகக் கிடந்துவிட்டு, யார் யார் காலையோ பிடித்து மாற்றல் வாங்கி, ஒரு செவ்வாய்க்கிழமை விமானம் ஏறினார். பெட்டி வந்தது, அவர் வரவில்லை. அடுத்த செவ்வாயும் போயிற்று. அண்ணன் போனில் கத்தினார்: "வர இஷ்டமில்லாதவனுக்கு நீ எதுக்குக் காத்துக் கெடக்கிற? பெட்டியத் திருப்பி அனுப்பு!" தனக்குப் புருஷன் என்று ஒருவர் இனி உண்டா இல்லையா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தினமும் வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுவாள். அழுது முடித்து, தன் துணிகளே நிறைந்திருந்த அலமாரியைச் சாத்திவிட்டு, கட்டிலின் நட்டநடுவில் கைகாலைப் பரப்பிக்கொண்டு சுகமாகத் தூங்குவாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, ஓடுபாதையில் நின்ற ஆட்டை விரட்டத் தீயணைப்பு வண்டிக்காரர் சைரன் போட்டுப் பார்த்தார். ஆடு அசையவில்லை. அவர் இறங்கி விரட்டப் போக, அது அவரைச் சுற்றிக்கொண்டு ஓடி, வண்டிக்குள் ஏறி, அவருடைய சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டது. டிக்கெட் அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். இதை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும், இப்போதே, இந்த நிமிடமே சொல்ல வேண்டும் என்று அவளுக்கு அடித்துக்கொண்டது. நிமிர்ந்தால் கவுண்டருக்கு எதிரே கணவர். அவர் கையில் விமானத்தில் கொடுத்த காபி; அதில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"நாப்பது நிமிஷம்னு போட்டிருக்கான். முப்பத்தெட்டுலயே வந்துட்டோம் பாத்தியா!" என்றார் பெருமையாக.

அவள் அவரைப் பார்த்தாள், காபியைப் பார்த்தாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"நாந்தாங்க லேட்டு," என்றாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டின் கதையைக் கேட்டு அதையும் மறந்துவிட்டார். அன்று மதியம் அவள் அறிவிப்புப் பலகையில், ‘பயண நேரம் நாற்பது நிமிடம்’ என்பதற்குக் கீழே, ‘காத்திருப்பவரைப் பொறுத்தது’ என்று சாக்பீஸால் எழுதினாள். அதைப் படித்தவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சிலர் மட்டும் கொஞ்ச நாளைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள்.