நாலு ஆமைக்காரி

இடுப்பு பிடித்துக்கொண்டது. முந்திரிக்காட்டில் குனிந்து குனிந்து கொட்டை பொறுக்கிய இடுப்பு. நிமிரும்போதெல்லாம் உள்ளே கல்லை வைத்துத் தட்டுவது போல வலிக்கும். கலியம்மாள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு பஞ்சநாதன் கடைப் படியேறினாள். உடையார்பாளையத்தில் ஏழைகளுக்கு மனு போட்டுத் தருகிறவன் அவன். கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஓடாத ஒரு ஃபேன், கண்ணாடி விரிசல் விட்ட ஒரு செல்போன்.

அவளுடைய இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் நாலு காதுகள்.

கால்நடை ஆபீசிலிருந்து வந்து ஆட்டுக் காதில் மஞ்சள் வில்லை குத்தி நம்பர் போட்டுவிட்டுப் போவார்கள். ஆடு செத்தால் வில்லையோடு காதை அறுத்து வைத்திருந்து காட்ட வேண்டும். காது இல்லை என்றால் ஆடே இருந்ததில்லை என்று அர்த்தம். கலியம்மாள் ரேஷன் கடையில் நின்ற ஒரு மத்தியான நேரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் நுழைந்து நாலு ஆட்டையும் கடித்துப் போட்டுவிட்டன. அழுதுகொண்டேதான் அறுத்தாள். உப்புத் தடவித் தகரக் கூரையில் காயவும் வைத்தாள்.

அந்த நாலு ஆடு வந்த பிறகுதான் அவள் முந்திரிக்காட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். ஆடு செத்த மறுநாளே மறுபடி குனிந்தாகிவிட்டது. நாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு அரசாங்கம் ஆடே தருகிறதாம் என்று யாரோ சொன்னார்கள். அதனால்தான் இந்தப் படியேற்றம்.

"குடு யக்கா, காத" என்று துண்டால் மூக்கை மூடிக்கொண்டு போட்டோ எடுத்து, வில்லை நம்பரையும் ஏற்றினான் பஞ்சநாதன். பிறகு போனைத் தட்டினான். "செத்தது என்னன்னு கேக்குது. மொத எழுத்த தொடணுமாம்."

ஆடு, மாடு, கோழி என்று மூன்று பெயர் போட்டிருந்தால் போதும். எங்கோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருந்த ஒருவன் பிள்ளைகளின் அரிச்சுவடியை அப்படியே கவிழ்த்துக் கொட்டியிருந்தான். அ-வில் அட்டை, அணில், அரணை, அன்னம்.

"அட்டை செத்தாக்கூட மனு போடலாம் போலருக்கு யக்கா."

"எனக்கு ஆடுதான் தம்பி செத்துச்சு."

"தெரியும், இரு." ஆ-வைத் தொட்டான். ஆட்காட்டி, ஆடு, ஆந்தை, ஆமை என்று வரிசையாக வந்தது. ஆடு என்பதை அழுத்தினான். வட்டம் சுற்றியது. இன்னொரு தரம் அழுத்தினான். சுற்றியது. ஆத்திரத்தில் நாலைந்து தரம் குத்தினான். பட்டியல் மேலே நழுவியது, பச்சை டிக் விழுந்தது. "முடிஞ்சுது. போயிட்டு வா, ஆடு வூடு தேடி வரும்" என்றான். என்ன விழுந்தது என்று பார்க்கவில்லை. அடுத்த ஆள் ஜெராக்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான்.

பன்னிரண்டு நாள் கழித்து அவளுடைய போனுக்குச் செய்தி வந்தது. கலியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக் காத்தாயி அஞ்சாவது வரை போனவள். வாங்கிப் படித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"ஏண்டி கலியம்மா, நாலு ஆமை வளத்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"என்னடி ஒளர்ற?"

"ஒன்னோட நாலு ஆமையும் செத்துப்போச்சாம். விசாரணைல இருக்காம்."

மறுநாள் கூலியை விட்டுவிட்டு கலியம்மாள் கால்நடை ஆபீசுக்குப் போனாள். மனுக்களுக்குப் பொறுப்பான ஹேமலதா மேடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள்.

"இதுல ஆமைன்னுதாம்மா இருக்கு."

"ஆடுங்க மேடம். இதோ, காது கொண்டாந்திருக்கேன்" என்று பையை மேசைமேல் வைத்தாள்.

"ஐயோ, என்ன நாத்தம்! எடும்மா மொதல்ல."

"ஆமைக்குக் காது ஏதுங்க மேடம்? நீங்களே சொல்லுங்க."

"அதையேதான் நானும் கேக்குறேன். ஆமைன்னு மனு போட்டுட்டு காத போட்டோ எடுத்து அனுப்பிச்சா, போலி ஆதாரம்னு ஆயிடும்ல?"

கலியம்மாள் பையை எடுத்துக் கீழே வைத்தாள். திருத்த முடியாதா என்று கேட்டாள். முடியும், ஆனால் ஆய்வு முடிந்த பிறகுதான் திருத்துகிற பொத்தானே வரும் என்றாள் மேடம். ஆய்வில் என்ன பார்ப்பார்கள்? ஆமையைப் பார்ப்பார்கள்.

ஆய்வுக்கு வந்தவர் வைத்திலிங்கம். பைக்கை நிறுத்தியதும் முதலில் அதட்டினார். "யாரக் கேட்டும்மா ஆமை வளத்த? உள்ள வச்சிருவாங்க, தெரியுமா?"

"சார், என்னைய வளத்துக்கவே எனக்கு வழியில்ல."

அதற்குள் காத்தாயி வந்துவிட்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. "சார், நான் கண்ணால பாத்த சாட்சி. நாய் தொரத்துது, ஆமை என்னா ஓட்டம்ங்கிறீங்க! நாலு தெரு தாண்டித்தான் புடிக்கவே முடிஞ்சுது."

வைத்திலிங்கம் சிரிக்கவில்லை. பட்டிக்குள் குனிந்து பார்த்தார். "இதென்னது?"

"புழுக்கை சார்" என்றாள் கலியம்மாள்.

"எதோடது?"

"ஆமையோடதுதான் சார்" என்றாள் காத்தாயி. "வேப்பந்தழை தின்னா அதுக்கு இப்படித்தான் போவும்."

அவர் செல்போனில் தட்டினார்: ஆய்வில் ஆமை எதுவும் காணப்படவில்லை. அதில் பொய் ஒன்றுமில்லை. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பிறகு ஒரு தாளை நீட்டிக் கைநாட்டு கேட்டார்.

கலியம்மாள் கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள். "ஆமை இல்லன்னு எழுதிட்டீங்க. சரி. ஆடு இருந்துச்சுன்னும் எழுதுங்க."

"அதுக்கு இதுல எடம் இல்லம்மா."

"பின்பக்கம் வெள்ளையாத்தான சார் கெடக்கு?"

"அதெல்லாம் எழுதுனா செல்லாது."

கலியம்மாள் போய் பைக்குக்கு முன்னால் நின்றாள். இடுப்பு வலியில் ஒருபக்கம் சாய்ந்துதான் நின்றாள், ஆனால் நகரவில்லை. வெயிலில் கால்மணி நேரம் போயிற்று. வைத்திலிங்கம் தாளைத் திருப்பி பெட்ரோல் டேங்கின் மேல் வைத்து எழுதினார். காத்தாயி எட்டிப் படித்தாள்.

"'ஆடு நான்கு இருந்திருக்கலாம்.' கலாமாம்டி கலியம்மா."

"சார், அதுக என் கையால தழை தின்ன ஆடு. 'கலாம்' வாணாம். அடிச்சிட்டு எழுதுங்க."

அடித்தார். 'ஆடு நான்கு இருந்தது' என்று எழுதினார். கலியம்மாள் விரலை மையில் தோய்த்து, அந்த வரிக்குக் கீழே அழுத்தி வைத்தாள். முன்பக்கமும் வைத்தாள். வைத்திலிங்கம் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினார். போட்டோவுக்கு ஒரு பக்கம்தான் உண்டு, அது முன்பக்கம்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. ஆமைகள் இல்லாததால் மனு பொய்யானது, தள்ளுபடி. பஞ்சநாதனிடம் மறுபடி போனாள். இந்த முறை அவன் நிதானமாகத் தொட்டான். ஆடு என்றே விழுந்தது. ஆனால் வில்லை நம்பரைப் போட்டதும் போன் சிவந்தது. அந்த நாலு நம்பரும் ஏற்கனவே ஆமையின் பேரில் இருந்தன.

"எடுக்க மாட்டேங்குது யக்கா" என்று தலையைச் சொறிந்தான். "ஒண்ணு செய்யலாம். ஆந்தைன்னு போட்டுப் பாக்கட்டுமா? அது இன்னும் காலியாத்தான் இருக்கு."

"போடேன். அதுக்கும் காது எங்கன்னு கேப்பான், ஒன்னுத அறுத்துக் குடு" என்றாள் கலியம்மாள்.

பஞ்சநாதன் போனைக் கவிழ்த்து வைத்தான். தப்பு தன் விரலுடையது என்று அவன் அன்றைக்கும் சொல்லவில்லை. போன் சரியில்லை என்றுதான் சொன்னான்.

மறுநாள் விடிந்ததும் கலியம்மாள் கூடையோடு முந்திரிக்காட்டுக்குப் போனாள். மனுப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இன்னும் ஆமை என்றுதான் இருக்கிறது. அரசாங்கம் கலியம்மாளுக்கு நாலு ஆடு தர வேண்டும். இன்னும் தரவில்லை.