பழைய பியானோவின் சுருதி

மூன்றாவது கிளாரினெட்டையும் அம்மா கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டாள். "இதுவும் சுருதி தூக்கலாத்தான் இருக்கு. வேற காட்டுங்க."

கடைக்காரி, பாவம், பொறுமைசாலி. சுருதி காட்டும் கருவியை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள். "முள்ளு நட்டநடுவுல நிக்குது, பாருங்க."

"அது நிக்கட்டும். என் காது ஒத்துக்கலையே!"

பக்கத்தில் நின்ற மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மற்றவர்களோடு சுருதி சேராவிட்டால் பள்ளி வாத்தியக் குழுவில் இடமில்லை என்று மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு வருஷமாக அவள் ஊதுவது அம்மாவின் பழைய கிளாரினெட்டை. குழுவோடு சேரவில்லை என்று அவள் வந்து சொன்னால், "நீ ஊதுற லட்சணம் அப்படி" என்று அம்மா அவளைக் கரித்துக்கொட்டாத நாளில்லை. கடைசியில் வாத்தியத்துக்குத்தான் வயசாகிவிட்டது போல என்று மனமிரங்கிப் புதுசு வாங்க வந்தாள். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

அம்மாவின் காதைக் குறை சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? தன் பள்ளிக்கூட நாளில் வாத்தியக் குழுவின் பதினாறு பேருக்கும் சுருதி கொடுத்தவள் அவள்தான். ஒத்திகைக் கூடத்தில் ஒரு கிழட்டுப் பியானோ இருந்தது. மழை ஒழுகினால் பிள்ளைகள் நனைவார்கள், பியானோவுக்குக் குடை பிடிப்பார்கள். அவள் ஒரு கட்டையை அமுக்குவாள். பதினாறு வாத்தியமும் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அடடா, என்ன காலம் அது!

"பழசை ஊதிக் காட்டுங்களேன்," என்றாள் கடைக்காரி.

அம்மா கண்ணை மூடி ஊதினாள். ஒழுகும் கூடமே முன்னால் வந்து நின்றது. கண்ணைத் திறந்தால், சுருதி குறைவு என்று முள் இடது ஓரத்தில் கிடந்தது.

கடைக்காரி வாத்தியத்தை வாங்கிப் பார்த்தாள். மேல்துண்டுகள் இரண்டும் சேருமிடத்தில் தோல் வளையம் ஒன்று. "இது யார் வேலை? இப்படி இடைவெளி விட்டா சுருதி இறங்கிடுமே."

அம்மாவின் வேலைதான். அந்தப் பள்ளி நாளில், துருப்பிடித்த கம்பிகள் அறுந்துவிடும் என்று பயந்து, பியானோவைச் சரிசெய்ய வந்தவர் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டுப் போய்விட்டார். பியானோவின் சுருதி இறங்கிப்போனது; அதற்குத் தோதாகப் பிள்ளைகளும் தங்கள் வாத்தியங்களின் சுருதியை இறக்கிக்கொண்டார்கள். பழைய செருப்பில் அவளே வெட்டிய வளையம் இது. அதை அவள் சுத்தமாக மறந்துபோயிருந்தாள். காது மறக்கவில்லை.

"ஒரு நாள் அதைக் கழட்டிட்டு ஊதினேம்மா," என்றாள் மகள். "நல்லாத்தான் இருந்துச்சு. காது கூசுதுன்னு நீ கத்தினே. என் காதுதான் சரியில்லபோலன்னு நானே திரும்ப மாட்டிட்டேன்."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷம்! பிள்ளை வாயைத் திறக்காமல் திட்டு வாங்கியிருக்கிறது.

"தப்பு என்னோடதுடி, கண்ணு. உன் காதுக்கு ஒரு குறையும் இல்ல."

"வளையத்தை எடுத்துட்டா இதுவே போதும். புதுசுக்கு அவசியமில்ல," என்றாள் கடைக்காரி, தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டு.

அம்மா வளையத்தில் நகத்தை வைத்தாள். பியானோவை எப்போதோ உடைத்துப் போட்டுவிட்டார்கள். பதினாறு பேரும் திசைக்கொருவராய்ப் போய்விட்டார்கள். அவர்கள் சேர்ந்து நின்ற சுருதி இது ஒன்றில்தான் மிச்சம். அவளுக்கு மனசு வரவில்லை.

"இது இப்படியே இருக்கட்டும்," என்று பெட்டியில் வைத்து மூடினாள். "நீ அந்த மூணாவதை ஊது."

மகள் ஊதினாள். "எப்படிம்மா இருக்கு?"

"எனக்கு இன்னமும் தூக்கலாத்தான் கேக்குது," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதையே எடுத்துக்கோ."