முன்கையின் ஈரம்

ஒளிவாளை நேராகப் பார்க்கக் கூடாது என்பதே டக்காரின் மணல் அரங்கில் எவரும் முதலில் கற்பது. பார்த்தால் கண் கூசும்; கூசிய கண்ணுக்கு எதிராளியின் இடுப்பசைவு தெரியாது; அது தெரியாவிட்டால் அடுத்த வீச்சு எங்கிருந்து வரும் என்பதும் தெரியாது. இரும்பு வாளுக்கு எடையும் ஓசையும் உண்டு. ஒளிவாளுக்கு இரண்டும் இல்லை. ஆகவே அதன் நெருக்கத்தை உணர ஒவ்வொருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள்.

தெனிங் ஃபாயின் வழி தண்ணீர். சுற்றுக்கு முன் தாயத்து ஊறிய நீரை உடம்பில் ஊற்றிக்கொள்வது அங்கே எல்லாருக்கும் வழக்கம்தான். தெனிங் மட்டும் வலது முன்கையோடு நிறுத்திக்கொள்வாள். எதிராளியின் ஒளி எந்தப் பக்கம் நெருங்குகிறதோ, முன்கையின் அந்தப் பக்கத்து ஈரம் சட்டென்று காயும். தோல் அதை அறியும். மற்றவர்கள் அதைத் தாயத்தின் வல்லமை என்றார்கள். அவள் மறுத்ததில்லை.

அன்று வெல்பவருக்கே நைரோபிப் போட்டிக்குச் செல்லும் அணியில் மிஞ்சியிருந்த ஒரே இடம். அடுத்த ஆண்டு தெனிங் வயது வரம்பைக் கடந்துவிடுவாள். அந்தக் கவலையில்தான் அவளுடைய தாய்மாமன் தியேகான் அவளது தண்ணீர்ப் புட்டியில் கை வைத்திருந்தார்.

"என்ன மாமா இது, ஊத்துனதும் கை வழவழங்குது?"

"வெறும் தண்ணின்னா ஆசியும் சேந்து வழிஞ்சு போயிருதேம்மா. ஒட்டி நிக்கட்டும்னு பசுநெய் உருக்கி விட்டேன். நம்ம வீட்டு மாட்டு நெய்தான்."

பதில் சொல்வதற்குள் முரசு அதிர்ந்தது. நெய் காயாது. முன்கை செவிடாகிவிட்டதுபோல் இருந்தது தெனிங்குக்கு. ஒளி இடப்புறம் வந்ததை அவள் உணரவே இல்லை. மார்புக் கவசத்தில் கருகல் விழுந்தது. மூன்று சுற்றுகளில் ஒன்று போயிற்று.

எதிராளி ஒனோரின் சாம்பூ தெற்கே காசமான்ஸ் பகுதியிலிருந்து வந்த ஜோலா இனத்தவள்; தெனிங் செரேர் இனத்தவள். இவ்விரு இனத்தாரும் கேலி முறைக்காரர்கள். எவ்வளவு ஏசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. முறை சொல்லிக் கேட்டதை மறுக்கவும் கூடாது.

"என்ன மதினி, கம்பஞ்சோறு தின்ன கை நடுங்குது? ஒரு நாளாச்சும் அரிசிச் சோறு தின்னு பாரு!" என்று எதிர் மூலையிலிருந்து கத்தினாள் ஒனோரின்.

தெனிங் மணலை அள்ளி முன்கையில் தேய்த்தாள். நெய் போயிற்று. ஆனால் புட்டி முழுக்க நெய்த்தண்ணீர்தான். அவள் அரங்கின் குறுக்கே நடந்து எதிர் மூலைக்குப் போனாள்.

"ஏ சோத்துப்பானை, உன் தண்ணியக் குடு."

"ஏன், உங்க ஊர்க் கெணறு வத்திருச்சா?"

"முறை சொல்லிக் கேக்குறேன், குடுடி."

கூட்டம் சிரித்தது. ஒனோரினும் சிரித்துக்கொண்டே புட்டியை நீட்டினாள். "குடி. தெம்பாத் தோத்துப் போ."

தெனிங் குடிக்கவில்லை. முன்கையில் ஊற்றிக்கொண்டாள். ஒனோரினின் சிரிப்பு பாதியில் நின்றது. மிச்சத் தண்ணீரோடு தெனிங் தன் மூலைக்குத் திரும்பினாள்.

இரண்டாம் சுற்றில் ஒனோரின் மேலே ஓங்குவதுபோல் காட்டிக் கீழே வீசினாள். மணிக்கட்டின் உட்புறம் காய்ந்தது. தெனிங் கைப்பிடியைத் திருப்பினாள். இரண்டு ஒளிகளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. கவ்விய வாளை இழுப்பவரின் மார்பு திறந்துவிடும். இழுக்காமல், கவ்விய நிலையிலேயே எதிராளியின் கைப்பிடியை நோக்கிச் சறுக்க வேண்டும். தெனிங் சறுக்கினாள். கருகல் இப்போது ஒனோரினின் கவசத்தில்.

கடைசிச் சுற்றுக்கு முன் ஒனோரின் தெனிங்கின் மூலைக்கு வந்தாள். குரலில் கேலி இல்லை.

"மதினி, மிச்சத் தண்ணி எனக்கு வேணும். முறை சொல்லித்தான் கேக்குறேன்."

தெனிங் தன் கையை நனைத்துக்கொண்டு, மீதியை ஒனோரினின் முன்கையில் ஊற்றினாள்.

"அடிப்பாவி, கீழ கொட்டிருக்கலாமே!" என்று பதறினார் தியேகான்.

"நான் கேட்டப்போ அவ கொட்டுனாளா மாமா?"

இருவர் முன்கையும் மினுங்க, முரசு அதிர்ந்தது. வாள்கள் கவ்விக்கொள்ளும் வரை இருவரும் சமமாகவே நின்றார்கள். தெனிங்கின் ஒளி நெருங்க, ஒனோரினின் கையில் ஈரம் காய்ந்தது. அவள் அந்த உணர்வை அறிந்தாள். அறிந்த வியப்பில் தன் கையைப் பார்த்தாள். சுடு பாத்திரத்திலிருந்து விலகுவதுபோல் கை தானாக வாளைப் பின்னால் இழுத்தது. மார்பு திறந்தது. தெனிங்குக்கு அந்த ஒரு கணமே போதுமானதாக இருந்தது.

நடுவர் தெனிங்கின் பக்கம் கை உயர்த்தினார். ஒனோரின் கவசத்துக் கருகலைத் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சது தெரிஞ்சுச்சு மதினி. அப்புறம் என்ன செய்யுறதுன்னுதான் தெரியல."

"நைரோபி போயிட்டு வந்து சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ வர்றதுக்குள்ள நானே கத்துக்குவேன். போ, போறப்ப கம்பு மாவைக் கட்டிக்கிட்டுப் போ. அங்க யாரு உனக்கு ஆக்கிப் போடுவா?"

தெனிங்கின் மூலையில் கிடந்த தன் காலிப் புட்டியை எடுத்துக்கொண்டு, அவள் தண்ணீர்க் குழாயை நோக்கி நடந்தாள்.