சாதாரணப் பொடியன்

சலூனில் முகம் வழித்து முடிந்த பிறகும் பஞ்சலிங்கம் கதிரையை விட்டு எழும்பவில்லை. கோப்பாயில் இருந்து கொடிகாமத்துக்கு இரண்டு பஸ் மாறி வந்தது முகம் வழிக்க அல்ல. மகள் தயாளினிக்குப் பேசிவந்த கோகுலன் எப்படிப்பட்டவன் என்று அறியத்தான்.

"கோகுலனோ? சாதாரணப் பொடியன் அண்ணை," என்றார் சலூன்காரர்.

இவர் நாலாவது ஆள். தேத்தண்ணிக்கடைக்காரி, "அது சும்மா தன்ரை பாட்டிலை இருக்கிற பிள்ளை" என்றாள். தபால்காரர், "எல்லாரையும் போலத்தான்" என்றார். படிப்பித்த வாத்தியார் கொஞ்சம் யோசித்து, "வழமையான ஒரு மாணவன்" என்றார். நல்லவன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. குடிகாரன் என்றாவது யாரேனும் சொல்லியிருந்தால் பஞ்சலிங்கத்துக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும். முந்தின கிழமை வந்து விசாரித்துவிட்டுப் போனபோதும் இதே கதைதான்.

"சாதாரணம் எண்டால் நல்லதுதானே, இஞ்சாருங்கோ," என்று அன்றைக்கு மனைவி பாலேஸ்வரி சொன்னாள்.

"உனக்குத் தெரியாதே அந்தச் சொல்லை?" என்று கேட்டார். அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியும். தயாளினிக்குப் பதினாலு வயதில் வலிப்பு வந்தது. பிறகு இரண்டு முறை. இப்போது ஐந்து வருடமாக இல்லை, ஆனால் காலையும் மாலையும் விழுங்க மருந்துக் குளிசை உண்டு. சம்பந்தம் பேசத் தொடங்கியதும் பஞ்சலிங்கம் பக்கத்து வீட்டுச் செல்வரட்ணத்திடம் போய், "ஆராவது வந்து கேட்டால் சாதாரணப் பிள்ளை எண்டு மட்டும் சொல்லு. கூடப் புகழாதை, சந்தேகப்படுவினம்," என்று சொல்லிவைத்தார். பொய் சொல்லவைத்ததாக அவர் நினைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொல் எந்த வாயிலிருந்து வந்தாலும், அதற்குப் பின்னால் ஒரு குளிசைப் பெட்டி இருப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

சலூனை விட்டு இறங்கி நேரே சந்தைக்குள் போனார். கோகுலன் தன் பழக்கடையில் முழங்கை வரை தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தான். படத்தில் பார்த்ததைவிடக் கறுப்பு, ஒல்லி. பஞ்சலிங்கம் வாங்க வந்தவர்போல நின்று அவன் கை நடுங்குகிறதா, கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒரு கிழவி பேரம் பேசி நச்சரித்தாள். அவன் கோபப்படவில்லை. ஏன் கோபப்படவில்லை என்று அதையும் யோசித்தார்.

"கோப்பாய் ஐயாதானே?" கோகுலன் தலை நிமிராமலே கேட்டான். "என்னைப் பற்றி விசாரிக்கிறியளெண்டு சொன்னவை. நேரை கேளுங்கோவன்."

பஞ்சலிங்கத்துக்கு முகம் சுட்டது. "உம்மட்டை என்ன குறை, தம்பி?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "ஓஎல் சோதினையிலை கணக்குப் பெயில். வேறை... ஒண்டும் இல்லை ஐயா."

"ஒண்டும் இல்லையெண்டால்?"

"இல்லையெண்டால் இல்லைத்தான்." சிரித்தான். "அம்மாவும் உங்கடை பக்கம் வந்து விசாரிச்சவ. பக்கத்து வீட்டு ஐயா, சாதாரணப் பிள்ளை எண்டவராம். எங்களுக்கு அது காணும் எண்டு அம்மா சந்தோசமா வந்தவ."

அந்த முகத்தில் எங்காவது ஒரு மறைப்பு இருக்கும் என்று பஞ்சலிங்கம் தேடினார். வியர்வையும் எண்ணெயும்தான் இருந்தன. அப்படியே தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். கலியாணம் முடிந்துவிடும். அதன்பிறகு ஒருநாள், அவர் இல்லாத ஒரு வீட்டில், இவன் அந்தக் குளிசைகளைக் கண்டெடுப்பான். பிள்ளை தனியே நின்று அதற்கு ஒரு பதில் சொல்லவேண்டி வரும்.

"தம்பி," என்றார். "என்ரை பிள்ளையைப் பற்றி அந்த மனிசன் சொன்னது, நான் சொல்லிக் குடுத்தது."

கோகுலனின் கத்தி பாதிப் பழத்துக்குள் நின்றது. அவன் அதை இழுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை. வெட்டின வாயிலிருந்து வெள்ளைப் பால் கசிந்து, கத்தியின் விளிம்பு வழியே அவனுடைய விரலை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.