மேலாளர் மேசையில் மஞ்சள் பெட்டி

வெல்டிங்கைச் சோதிக்கும் கதிரியக்கப் பெட்டி இருந்த அறைக்கு, கதவைத் திறந்தால் அலறும் சின்ன அலாரம் ஒன்று கேட்டுக் கேட்டுப் பாதுகாப்பு அதிகாரிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "பூட்டு இருக்கில்ல, போதும்மா," என்று மேலாளர் தட்டிக்கழித்தார்.

ஒருநாள் மதியம் அவள் அந்தப் பூட்டைக் கொண்டை ஊசியால் திறந்து, உள்ளே பயிற்சிக்கு வைத்திருந்த, நிஜப் பெட்டி போலவே இருக்கும் மஞ்சள் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஏனென்று கேட்க நாதியில்லை. காவலாளியோ, "கனமா இருக்கும், குடுங்கக்கா," என்று தானே சுமந்து வந்து மேலாளர் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மேலாளர் நாற்காலியோடு சுவர்வரை பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க சார், காலிப் பெட்டிதான். நிஜப் பெட்டியும் இப்படித்தான் போகும்."

"முதல்ல இதை எடும்மா! அலாரம் பேப்பர் எங்க?"

மேலாளர் வராந்தாவுக்கு நழுவி, அங்கே நின்றபடியே கையெழுத்துப் போட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.